சென்னியம்மாளின் இடது இடுப்பு

தொண்டாமுத்தூரிலிருந்து மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில் உள்ள ஒரு சிற்றூரில், நாற்பத்தெட்டு வயதில் வள்ளி கும்மி பழக வந்து நின்றாள் சென்னியம்மாள். வந்த முதல் நாளே ஆசிரியரிடம், "ஏனுங்க, எனக்கு முன்வரிசைதான் வேணுமுங்க. பின்னால நின்னு ஆடுனா யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டுவிட்டாள். கூச்சநாச்சம் என்பதெல்லாம் அவளைக் கண்டால் ஓரமாக ஒதுங்கிப் போய்விடும். அப்படியொரு பிறவி.

அவளை இழுத்து வந்தது மருமகள் சாய்ப்ரியா. கொடுமுடிப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் இரண்டு ரேடியோ மாதிரி இருந்தார்கள். ஒன்று பாடினால் மற்றது நிறுத்தாது. கும்மிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் இருவருக்கும் ஒத்துப்போக ஆரம்பித்தது. ரேஷன் கடைக்கு முன்னால் இருக்கிற காலியிடத்தில், சாயங்காலப் பால் கறந்து முடிந்ததும் ஊர்ப் பெண்கள் கூடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதல் பேரன் பேத்தி எடுத்தவர்கள் வரை எல்லாரும் இருப்பார்கள். ஆசிரியர் மைக்கில் பாட, வரிசை வரிசையாக நின்றவர்கள் வட்டமாகச் சுற்றுவார்கள். இரண்டு மாதம் பழகினால் கோயில் மைதானத்தில் அரங்கேற்றம். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சேலை. அந்த வட்டத்துக்குள் நிற்கும்போது சென்னியம்மாளுக்கு, தான் இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா என்பதெல்லாம் மறந்து போகும். இத்தனை வருஷம் இந்தச் சந்தோஷம் எங்கே இருந்தது என்று அவளே சாய்ப்ரியாவிடம் கேட்டிருக்கிறாள்.

கணவர் காளிச்சாமிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "இந்த வயசுல குதியாட்டம் போட்டு இடுப்பை ஒடிச்சுக்காத புள்ள. அப்பறம் நான்தான் தூக்கிட்டுத் திரியோணும்" என்பார். அந்த வீட்டில் தென்னந்தோப்பு அவருடைய ராஜ்ஜியம், மாடு கட்டுகிற கட்டுத்தரை அவளுடையது. ஒருவர் சோலியில் ஒருவர் தலையிடுவதில்லை. மலையிலிருந்து யானை இறங்கினால் தோப்புக்குத்தான் சேதம், தன் கட்டுத்தரைப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பதில் சென்னியம்மாளுக்கு உள்ளூர ஒரு பெருமை. ஊரில் எந்த மாடு ஈன்றாலும் அவளுக்குத்தான் ஆள் வரும். கைராசிக்காரி என்று பேர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தால், கன்று வெளியே வந்து எழுந்து நிற்கிற வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள்.

அந்த வருஷம் சந்தையிலிருந்து ஒரு சினை மாடு வாங்கி வந்திருந்தாள். ஜெர்சிக் கலப்பு, நல்ல மடி, பார்க்கவே லட்சணமாக இருந்தது. ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது. செத்துப் பிறந்த கன்றை வெறுங்கையால் தூக்கித் தோப்போரம் புதைத்தாள். நஞ்சுக்கொடி விழவில்லை. மாட்டு டாக்டர் வேறு ஊருக்குப் போயிருந்தார். மறுநாளும் விழாமல் தொங்கவே, முழங்கை வரை கையை விட்டு அவளே எடுத்துப் போட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். நல்லபடியாக ஈன்ற மாட்டின் நஞ்சைச் சாக்கில் கட்டி ஆலமரத்துக் கிளையில் தொங்கவிடுவது வழக்கம். ஆலமரம் பால் மரம், அதில் கட்டினால் மாட்டுக்கும் பால் ஊறும் என்று ஒரு நம்பிக்கை. கன்று வீசின மாட்டுக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை, குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். சென்னியம்மாளோ, அடுத்த கன்றாவது தங்கட்டும் என்று அதையும் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தாள். வழி நெடுக அது சொட்டிச் சொட்டித் தோளெல்லாம் நனைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். மாட்டின் மேல் அவ்வளவு ஆசை. ஆசைதான் ஆளைக் கவிழ்த்தது.

கொஞ்ச வாரம் கழித்துச் சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. பொழுது இறங்கும்போது குளிரெடுக்கும், அப்புறம் சேலையைப் பிழியலாம் என்கிற அளவுக்கு வேர்க்கும். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. பிறகு இடது இடுப்பில், பின்பக்கமாக, ஒரு நோவு. முதலில் எழும்போதுதான் வலித்தது. பிறகு உட்காரும்போதும் வலித்தது. கடைசியில் இடது காலை ஊன்றி நிற்கவே முடியவில்லை. கும்மியில் ஒற்றைக் காலில் நின்று திரும்புகிற ஓர் அடி உண்டு. அதில் தடுமாறிப் பக்கத்தில் இருந்த பெண் மேல் சாய்ந்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

அவ்வளவுதான், ஊருக்கே காரணம் கிடைத்துவிட்டது. கும்மி! "நான் அப்பவே சொல்லல?" என்று காளிச்சாமி ஆரம்பித்தார். ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள், பால் வாங்க வந்தவர்கள், ரோட்டில் போனவர்கள் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள், ஆளாளுக்குக் கும்மியைத் திட்டினார்கள். எண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள். குறுக்குக்கு பெல்ட் கட்டினார்கள். ஒரு இடத்தில் டிஸ்க் விலகியிருக்கிறது என்று சொல்லி வலி மாத்திரை தந்தார்கள். அரங்கேற்றம் வந்தது. சாய்ப்ரியா பச்சைச் சேலை கட்டி வட்டத்தில் ஆட, சென்னியம்மாள் அதே பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தாள். பாதியிலேயே வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டாள்.

மகன் மிதுன் பம்ப் கம்பெனியில் வேலை. லீவு போட்டுவிட்டுக் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனான். அங்கே டாக்டர் கிருபாசங்கர் ஸ்கேனைப் பார்த்தார், காய்ச்சல் வருகிற விதத்தைக் கேட்டார். பிறகு, "வீட்ல மாடு இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குதுங்க."

"ஏதாச்சும் கன்னு வீசிச்சுங்களா, கிட்டத்துல?"

ஜோசியக்காரரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள் சென்னியம்மாள். அப்புறம் ஒன்று விடாமல் சொன்னாள். கன்று, நஞ்சு, சாக்கு, ஆலமரம், முந்தானை, கறந்த சூட்டோடு அவள் குடிக்கிற பச்சைப் பால். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ரத்தப் பரிசோதனை அவர் நினைத்ததையே சொன்னது.

"புரூசெல்லான்னு ஒரு கிருமிங்க. மாட்டு டாக்டருங்க கன்று வீச்சு நோய்னு சொல்லுவாங்க. மாட்டுக்கிட்ட இருந்து உங்களுக்கு வந்து, இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேர்ற மூட்டுல போய் உக்காந்திருக்குது."

"மாட்டுச் சீக்கு மனுசனுக்கு வருமுங்களா? நான் என்னத்தைக் கன்னு வீசப் போறேன் சார்?"

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூட்டுக்கு வந்துவிட்டதால் மூன்று மாதமாவது மாத்திரை சாப்பிட வேண்டும், ஆரம்பத்தில் ஊசியும் உண்டு, இனிமேல் பச்சைப் பால் கூடவே கூடாது, நன்றாகக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று சொன்னார். சென்னியம்மாளுக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"அப்ப, கும்மியடிச்சதால வரலீங்களா?"

"கும்மிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

அவள் மெல்லத் திரும்பிக் காளிச்சாமியைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டு டாக்டர் வந்து கட்டுத்தரையில் எல்லா மாட்டுக்கும் ரத்தம் எடுத்தார். அந்த ஜெர்சி மாட்டுக்கு மட்டும் நோய் இருந்தது. அதைத் தோப்போரம் தனியாகக் கட்டினார்கள். "பேசாம சந்தைக்கு ஓட்டி உட்டுரலாமுங்க" என்று பக்கத்துத் தோட்டக்காரர் காதோடு சொன்னார். "ஏனுங்க, இன்னொரு பொம்பள என்னாட்டவே கெடந்து நோகறதுக்குங்களா?" என்று சென்னியம்மாள் அவர் வாயை அடைத்துவிட்டாள். ஊருக்கும் மறைக்கவில்லை. பால் வாங்க வருகிறவர்களிடம் அவளே, "எங்க மாட்டுக்கு இந்த மாதிரி சீக்கு, அதோட பாலை யாருக்கும் ஊத்தறதில்ல. இருந்தாலும் எந்தப் பாலையும் காய்ச்சாமக் குடிக்காதீங்க" என்று சொல்லித்தான் ஊற்றினாள். கொஞ்ச பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். போகட்டும் என்றாள்.

மருந்தில் மட்டும் அவள் ஒரு வேளை தவறியதில்லை. மாத்திரை ஒவ்வொன்றும் கட்டைவிரல் மொத்தம். அதில் ஒன்றைச் சாப்பிட்டால் சிறுநீர் செக்கச் செவேலென்று போகும். முதல் நாள் பார்த்துவிட்டு, தான் செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்து மகனுக்குப் போன் போட்டுவிட்டாள். இவ்வளவு வீரியமான மாத்திரை என்றால் உடம்புக்குச் சூடு. சூட்டு மாத்திரைக்குப் பால்தான் மாற்று. இது நம் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆகவே ஒவ்வொரு வேளையும் பெரிய டம்ளர் நிறையப் பால். டாக்டர் சொன்னபடி இரண்டு பொங்கு பொங்கவிட்டுக் காய்ச்சிய பால். மருமகள் தன் பங்குக்கு, எலும்புக்கு நல்லது என்று மருந்துக் கடையில் கால்சியம் மாத்திரை வாங்கி வந்து, அதையும் கூடவே எடுத்து வைப்பாள். மாமியார் மேல் அவளுக்கு அவ்வளவு பாசம் வந்திருந்தது.

ஊசி போட்ட வரைக்கும் காய்ச்சல் அடங்கியிருந்தது. அப்புறம் மறுபடி தலைதூக்கியது. இடுப்பு மட்டும் அசைந்து கொடுக்கவே இல்லை. அவளால் குத்தவைத்து உட்கார்ந்து பால் கறக்க முடியாததால் காளிச்சாமி கறக்கப் போனார். மாடு விட்ட உதையில் பால் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இரண்டாவது ஸ்கேனிலும் மூட்டில் வீக்கம் அப்படியே இருந்தது. டாக்டர் கிருபாசங்கர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இந்த மருந்துக்குக் கேட்க வேண்டிய நோய் ஏன் கேட்கவில்லை என்று அவருக்கே புரியவில்லை. மூட்டை இப்படியே அரிக்க விட்டால் நிரந்தரமாக நொண்ட வேண்டி வரும், ஊசி விட்டுச் சீழ் எடுத்துப் பார்க்கலாம், ஆஸ்பத்திரியில் சேரத் தயாராக வாருங்கள் என்றார்.

அன்று கட்டுத்தரையில் வைக்கோல் போரைப் பிடித்துக்கொண்டு நின்று சென்னியம்மாள் மனம் விட்டுச் சொன்னாள். "கால் போச்சுன்னா நான் எதுக்குங்க? மாட்டுக்கும் ஆக மாட்டேன், மனுசருக்கும் ஆக மாட்டேன். ஆடறது வேண்டாம், நடந்தாப் போதும்னு கடவுளைக் கேக்கலாம்னு பாத்தேன். வாய் வரமாட்டேங்குது. எனக்கு ஆடோணுமுங்க." காளிச்சாமி அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்காகப் போனபோது, வெளியே பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கோயமுத்தூர்க் கோட்டைமேட்டுக்காரி. பேர் நஸ்ரியா. கணவர் தாரிக் ஆட்டு வியாபாரி. வீட்டுக்குப் பின்னால் கட்டிய ஆடுகள் குட்டி போட்டபோது கூடமாட ஒத்தாசை செய்ததில் இதே கிருமி அவளைப் பிடித்து, வலது முழங்காலில் போய் உட்கார்ந்துவிட்டது. தரையில் மண்டியிட்டுத் தொழ முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதிருக்கிறாள்.

"உங்களுக்கும் செவப்பாத்தான் போகுதுங்களாக்கா?" என்று கேட்டாள் நஸ்ரியா, குரலைத் தணித்து.

"அத ஏன் கண்ணு கேக்கற! ரத்தமாப் போகுதுன்னு ஊரையே கூட்டிப்போட்டேன்!"

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நஸ்ரியா எழுந்து தண்ணீர்க் குழாய் வரை போய் வந்தாள். சென்னியம்மாள் அவள் காலையே பார்த்தாள். துளி நொண்டல் இல்லை. இவளுக்குப் பிறகு மருந்து ஆரம்பித்தவள் அவள். சந்தோஷமும் பொறாமையும் ஒன்றாக வந்தன. உள்ளதைச் சொன்னால், பொறாமைதான் கூட.

மாத்திரை வேளையாகிவிட்டது. கூடையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, மூடியில் ஆவி பறக்கப் பாலை ஊற்றினாள். மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டினாள். வாய்க்குக் கொண்டு போகிற நேரத்தில் நஸ்ரியா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"யக்கா! என்ன பண்றீங்க? பால்லயா போடறீங்க?"

"ஆமா கண்ணு. சூட்டு மாத்திரையாச்சே?"

"நானும் டீயோட போடலாமான்னு கேட்டேனுங்க. நர்ஸம்மா சத்தம் போட்டுட்டாங்க. பாலு, தயிரு, கால்சியம், எதுவுமே இந்த மாத்திரைகூடச் சேரக் கூடாதாமுங்க. மருந்தைப் புடிச்சு வெச்சுக்குமாம், ரத்தத்துல சேர உடாதாம். வெறும் தண்ணிதானுங்கக்கா!"

சென்னியம்மாள் கையிலிருந்த மாத்திரைகளைப் பார்த்தாள். அதில் சாய்ப்ரியா வாங்கிக் கொடுத்த கால்சியமும் இருந்தது. அடக் கடவுளே! இத்தனை நாள் மருந்தைச் சாப்பிட்டது யார்? பால்தான் சாப்பிட்டிருக்கிறது.

உள்ளே போய்ப் பிளாஸ்க்கை டாக்டர் மேஜை மேல் வைத்தாள். "பச்சைப் பால் ஆகாதுன்னு சொன்னீங்க. அதனால நல்லாக் காய்ச்சித்தானுங்க மாத்திரைக்குக் குடிச்சேன்."

டாக்டர் பிளாஸ்க்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்த வாக்கிலேயே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். "இதைக் கேக்காம விட்டது என் தப்புங்கம்மா. பாலைக் குடிங்க, வேண்டாங்கல. மாத்திரைக்கு முன்னாலயும் பின்னாலயும் நல்லா இடைவெளி விட்டுக் குடிங்க." ஊசி விடுவதைத் தள்ளி வைத்தார். கொஞ்ச நாள் அங்கேயே வைத்திருந்து ஊசி மருந்தை மறுபடி கொடுத்து, மாத்திரைக் கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தார். மருமகளுக்கு விஷயம் தெரிந்ததும் போனிலேயே அழுதாள். "என்னாலதானுங்கத்தை" என்றாள். "அட லூசு, நீ பாசத்துல பண்ணுன. எனக்கு மட்டும் என்ன, புத்தியிலயா பண்ணுனேன்?" என்று இவள் இங்கிருந்து அதட்டினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரைப் பொறுப்பைக் காளிச்சாமி எடுத்துக்கொண்டார். வேளைக்குச் சொம்பில் தண்ணீரோடு போலீஸ்காரர் மாதிரி எதிரே நிற்பார். விழுங்கினதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வார். முதலில் வேர்வை நின்றது. பிறகு காய்ச்சல் வரவில்லை. வரும் வரும் என்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து எதிர்பார்ப்பாள், வராது. ஒரு நாள் காலை சோம்பல் முறித்துக்கொண்டே எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டாள். வந்த பிறகுதான், சுவரைப் பிடிக்காமல் வந்தது தெரிந்தது. வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. மழைக்காலத்தில் முணுமுணுத்தது, மாடிப்படி ஏறினால் முறைத்தது. மருந்து முடிந்து எடுத்த ஸ்கேனில் வீக்கம் வற்றியிருந்தது. "ஆடலாமுங்களா சார்?" என்று கேட்டாள். "மெதுவா ஆரம்பிங்க. வலிச்சா உடனே நிறுத்திருங்க. வலிக்கலைன்னா உங்களைத் தடுக்க நான் யாருங்க?" என்றார் டாக்டர்.

அடுத்த அணிக்கு அதே ஆசிரியர் பயிற்சி தந்தார். இந்தத் தடவை சென்னியம்மாள் முன்வரிசை கேட்கவில்லை. எங்கே நிற்கச் சொன்னாரோ அங்கே நின்றாள். மெதுவான அடிகளை எல்லாரோடும் சேர்ந்து ஆடுவாள். வேகம் பிடித்துக் குதிக்கிற இடம் வந்ததும் விலகி ஓரத்தில் நின்று கை மட்டும் தட்டுவாள். அரங்கேற்றத்திலும் அப்படியே செய்து கொள்வதாக ஆசிரியரிடம் பேசி வைத்திருந்தாள்.

தை மாதத்தில் அரங்கேற்றம். கோயில் மைதானம் நிறைய ஜனம். கோயமுத்தூரிலிருந்து நஸ்ரியா பஸ் பிடித்து வந்திருந்தாள். தொழுகையில் இப்போது மண்டியிட்டே உட்காருவதாகச் சொல்லி, சென்னியம்மாளின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். பாட்டு தொடங்கியது. வட்டம் அசைந்தது.

முதல் சுற்றிலேயே சாய்ப்ரியா சிரிப்பை அடக்க முடியாமல், "அத்தை, மாமாவைப் பாருங்க" என்றாள்.

காளிச்சாமி பந்தலிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்திருந்தார். பெண்டாட்டி எந்த நேரம் வலித்து விலகுவாளோ, அந்த நேரம் உட்கார வைக்க வேண்டுமாம். வட்டம் ஓர் இடத்தில் நிற்குமா? அவள் நகர நகர, இவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வட்டத்துக்கு வெளியே கூடவே நடந்தார். ஜனம் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் சட்டை செய்யவில்லை. அவர் கண் முழுக்க அவள் இடது காலில் இருந்தது.

பாட்டு வேகம் பிடித்தது. விலக வேண்டிய இடம் வந்தது. சென்னியம்மாள் வலியை எதிர்பார்த்து மூச்சை இழுத்துப் பிடித்தாள். இடது காலை ஊன்றினாள். ஒன்றுமில்லை. திரும்பினாள். ஒன்றுமில்லை. பயமாகத்தான் இருந்தது, இருந்தாலும் குதித்தாள். பாதம் மண்ணில் விழுந்தது, இடுப்பு அதைத் தாங்கியது. "அத்தை!" என்று கத்தினாள் சாய்ப்ரியா. சென்னியம்மாள் அடுத்த அடிக்குப் போய்விட்டாள். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, முகம் கொள்ளாத சிரிப்போடு, வட்டத்தின் வேகத்துக்கு ஒரு கைத்தட்டுகூடப் பிசகாமல் ஆடினாள்.

காளிச்சாமி நாற்காலியோடு ஓடிப் பார்த்தார். அரைச் சுற்று ஓடினார். வேட்டி தடுக்கியது, மூச்சு வாங்கியது. கடைசியில் நாற்காலியைக் கீழே போட்டு, அதில் அவரே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வட்டம் சுற்றி வந்தபோது சென்னியம்மாள் அதைப் பார்த்தாள். குதிப்பை நிறுத்தாமலே கேட்டுவிட்டுப் போனாள்.

"ஏனுங்க, கால் நோவுதுங்களா?"